அதே ஓட்டத்தைத்தானே மறுபடி ஓடுறாங்க என்று அலுத்துக்கொள்ளும் டெக் ரசிகர்களுக்கு

அட்லாண்டாவில் என்னோடு உட்கார்ந்து ஜார்ஜியா டெக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மேட்ச் பார்க்கும் தமிழ் மக்களுக்கு, வணக்கம்.

நம் பழைய கோச் பால் ஜான்சன் பேச்சை எடுத்தாலே உங்களில் பாதிப் பேருக்கு முகம் சுளிக்கிறது. நேரில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் புகார் இரண்டு. அவருடைய ஆப்ஷன், அதாவது பந்தை அதிகம் எறியாமல், யார் ஓடுவது என்பதை அந்த நொடியில் முடிவு செய்து ஓடியே முன்னேறும் முறை, பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுகிற ஆட்டம், பெரிய கல்லூரிக்கு அழகில்லை என்பது ஒன்று. அந்த மனிதர் பிடிவாதக்காரர், எதிரணி என்ன செய்தாலும் எதையும் மாற்றாமல் அதையே ஓடவிட்டார் என்பது இன்னொன்று. முதலாவதை விடுங்கள். இரண்டாவதுதான் எனக்கு எரிச்சல், ஏனென்றால் மாற்றம் உங்கள் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது, நீங்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் 2008 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க வந்தவன். ஜான்சனுக்கும் டெக்கில் அதுதான் முதல் சீசன். தேங்க்ஸ்கிவிங் வாரச் சனிக்கிழமை இதே மாநிலத்து ஏதென்ஸில் நம் பரம எதிரியான ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோடு மேட்ச். அதற்கு முன் அவர்களிடம் தொடர்ந்து ஏழு வருஷம் தோற்றிருந்தோம். எங்கள் அபார்ட்மெண்டில் நாலு பேர், மூன்று நாற்காலி, ஒரு குக்கர். இடைவேளையில் 28-12, நாங்கள் பின்னால். ஒருத்தன் "இவனுங்க பந்தை எறியவே மாட்டானுங்களாடா?" என்று கேட்டுவிட்டு ரசம் வைக்கப் போனான். அவன் புளி கரைத்துத் திரும்புவதற்குள் நம் ஓட்டக்காரர் ஜோனதன் ட்வையர் பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டி எண்ட் ஸோனில் இருந்தார். மூன்றாவது குவாட்டரில் மட்டும் நமக்கு 26 பாயிண்ட், ஜார்ஜியாவுக்கு ஒன்றுமில்லை. கடைசியில் 45-42. ஓடியே 400 யார்டுக்கு மேல். முதல் பாதியில் எந்த ஆட்டத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டோமோ அதே ஆட்டம்தான்.

அது எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் ஓடக்கூடிய டிரிபிள் ஆப்ஷனில், ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பந்தை, தன் பின்னால் நிற்கும் ஓட்டக்காரரான பி-பேக்கின் வயிற்றில் வைத்துவிட்டு உடனே விட்டுவிடுவதில்லை. ஒரு நொடி இரண்டு பேர் கையிலும் பந்து இருக்கும். அந்த நொடியில் குவாட்டர்பேக்கின் கண் எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட் மேல். அந்த ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். அவர் பி-பேக்கை அடிக்க உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும், அங்கே அடுத்த ஆள் தன் மேல் வந்தால் பக்கத்தில் ஓடிவரும் இன்னொரு ஓட்டக்காரரான ஏ-பேக்குக்குப் பிட்ச், அதாவது பக்கவாட்டில் வீச்சு. ஆக, எதிரணியில் இரண்டு பேரைத் தொடாமலேயே தோற்கடிக்கிறீர்கள், மிச்சமான இரண்டு தடுப்பாளர்கள் வேறு யாரையாவது போய் மறிக்கலாம். டெக் மாதிரி, எல்லா இடத்திலும் பெரிய ஆட்கள் கிடைக்காத, கால்குலஸ் படித்துத் தீர வேண்டிய கல்லூரிக்கு இது லேசுப்பட்ட லாபம் இல்லை.

சரி, எதிரணியும் சும்மா இருக்காது. எண்ட் உள்ளே பாய்வார், குவாட்டர்பேக் அவர் போக்கைச் சரியாகத்தான் படித்துப் பந்தை உருவுவார், ஆனால் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் வெளியே சுற்றி வந்து ஆளைச் சாய்த்துவிடுவார். இரண்டு யார்ட். நீங்கள் உடனே "மறுபடியும் அதே!" என்பீர்கள். அடுத்த முறை அதே ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் விதம்), அதே ஓட்டம், ஆனால் இதுவரை உள்பக்கம் போன நம் தடுப்பாளரான டேக்கிள் இப்போது வெளிப்பக்கம் போய் அந்த லைன்பேக்கரை மறிக்கிறார். அல்லது எண்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எதிரணி டேக்கிளைப் படிக்கும் மிட்லைன் என்ற ஓட்டத்துக்கு மாறுகிறார்கள். அல்லது எல்லோரும் நடுவில் குவிகிறார்கள் என்று பந்தை உடனே ஓரமாக ஓடுபவருக்கு வீசும் ராக்கெட் டாஸில் வெளியே போய்விடுகிறார்கள். டிவியில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். மாற்றம் ஒருவரின் முதல் இரண்டு அடியில் இருக்கிறது, கேமராவோ பந்தின் பின்னால் போகிறது.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த 2008 கடைசியில் லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யு.) அணியிடம் 38-3 என்று வாங்கினோமே, இன்றைக்கும் அந்த ஸ்கோர் கண்ணில் பட்டால் சேனலை மாற்றுகிறேன். 2010 ஜனவரி ஆரஞ்ச் பௌல் என்ற சீசன் முடிவு மேட்சில் அயோவாவிடம் 24-14 தோல்வி. நல்ல டிஃபென்சிவ் லைன், தயாராக ஒரு மாதம் கொடுத்தால் ஆப்ஷன் திணறும் என்பது உண்மையான வாதம். ஆனால் 2014 டிசம்பர் 31 அன்று குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் இருந்த மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் ஒரு மாதம் கிடைத்ததே? நாம் 49-34 என்று ஜெயித்தோம், ஓடியே 452 யார்ட். கோபப்பட வேண்டுமென்றால் நம் டிஃபென்ஸ் மேல் கோபப்படுங்கள். அதில் நானும் உங்களோடு சேர்ந்து கத்துகிறேன், எத்தனை தேர்ட் அண்ட் லாங், மூன்றாவது முயற்சியில் நிறைய தூரம் பாக்கி இருந்தும் தாண்டவிட்டோமே!

அப்புறம், இந்த ஆட்டம் ஆடினால் "நல்ல ரிசீவர் வரமாட்டான்", அதாவது எறிந்த பந்தைப் பிடிக்கிற நல்ல ஆள் கிடைக்கமாட்டான் என்கிற பேச்சு. டெமரியஸ் தாமஸ் இந்த ஆட்டத்தில் ஆடித்தான் 2010-இல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆள் தேர்வின் முதல் சுற்றிலேயே டென்வர் அணிக்குப் போனார். எல்லோரும் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் வந்து நிற்கும்போது அவர் மட்டும் தனியாகப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார், பாவம் அவரைத் தனியாக மறிக்க வேண்டிய கார்னர்பேக்.

ஜான்சன் 2018-ஓடு விலகியதும் நீங்கள் கேட்டது கிடைத்தது, ஆப்ஷன் போய்விட்டது. மூன்றாவது மேட்ச், 2019 செப்டம்பர், நம் சொந்த மைதானம். ஒரு படி கீழான எஃப்.சி.எஸ். அணியான தி சிட்டடல் வந்து ஓவர்டைமில் 27-24 என்று நம்மை அடித்துவிட்டுப் போனது. அவர்கள் ஆடியது எது என்று நான் சொல்ல வேண்டுமா?

காலம் மாறிவிட்டது என்றால், ஆமாம், 2022-இல் விதியும் மாறியது. இடுப்புக்குக் கீழே தடுப்பதை பந்து தொடங்கும் இடத்தை ஒட்டிய டேக்கிள் பாக்ஸுக்குள் மட்டும் என்று சுருக்கினார்கள், ஆப்ஷன் அணிகளுக்கு அது பலமான அடி. ஆப்ஷன் ஆடும் ராணுவ அகாடமி அணியான ஆர்மி பயந்துபோய் 2023-இல், குவாட்டர்பேக் பின்னால் தள்ளி நின்று பந்தை வாங்கும் ஷாட்கன் பக்கம் போய்ப் பார்த்தது, ஆறு வெற்றி, ஆறு தோல்வி. மறுவருஷம் பழைய ஆட்டத்தின் பக்கமே பெரும்பாலும் திரும்பி 12-2, கான்ஃபரன்ஸ் சாம்பியன். அவர்களும் எதையும் மாற்றவில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது டெக் இந்த ஆட்டத்தை ஆடப்போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் இந்த வருஷ ஆர்மி-நேவி மேட்சுக்கு எல்லோரும் என் வீட்டுக்கு வாருங்கள். முதல் குவாட்டர் முழுக்க யாரும் பந்தைப் பார்க்கக் கூடாது, எண்டை மட்டும்தான் பார்க்க வேண்டும். நாற்காலி இப்போது ஆறு இருக்கிறது, ரசம் இடைவேளைக்கு முன்பே வைத்துவிடுகிறேன்.