பெல்ட்டோடு வரும் கடிதம்

ரங்கூன்,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

அப்பாவும் நானும் சுகம். இங்கேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மண்டலேயில் கேட்கவே வேண்டாம். மோர் குடி, வேளைக்குச் சாப்பிடு.

சாயங்கால பஸ்ஸில் ஒரு பொட்டலம் போடுகிறேன். மேலே முறுக்கு டப்பா. அதற்குக் கீழே அட்டை உறையில் ஒரு பெல்ட், ஒரு போத்தல் ஸ்டீயரிங் ஆயில், ஒரு பழைய டூத் பிரஷ். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி வைக்கிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்.

வண்டி கத்துகிறது என்று இப்போதைக்கு பவர் ஸ்டீயரிங் பம்பை, அதாவது ஸ்டீயரிங் லேசாகத் திரும்ப ஆயிலைத் தள்ளுகிற பம்பை, மாற்றாதே. இன்ஜின் அதை ஒரு பெல்ட்டால்தான் சுற்றுகிறது. "பம்ப் போயிடுச்சு" என்று அந்த மெக்கானிக் பானட்டைத் திறக்காமலே சொன்னார் என்றாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கடைசியில் அவர் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். ஆனால் பெல்ட், ஆயில், ஹோஸ் எல்லாம் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய சாமான் அது.

அப்பா பட்டறைக்கு முன்னால் நம் வண்டிச் சாமான் கடைக் கல்லாவில் இருபத்து மூன்று வருஷம் உட்கார்ந்தவள் நான். வருகிறவர்கள் இன்ன சாமான் வேண்டும் என்று கேட்டது குறைவு. வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். ஒருவர் "கீ...ச்" என்பார். இன்னொருவர் மாடு மாதிரி "ம்ம்ம்...ங்" என்பார். ஒரு பர்மாக்காரப் பெரியவர் வாயில் வெற்றிலையோடு "கிர்ர்ர்" என்று காட்டப்போய், பாதி என் கணக்கு நோட்டில் விழுந்தது. பதினைந்து நாள் கணக்கு சிவப்பாகிவிட்டது. அந்தச் சத்தங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கற்றுக்கொண்டேன். அப்பாவுக்கு இன்ஜின் பக்கத்திலேயே இருந்து காது மந்தமாகிவிட்டது. நீ அனுப்பிய சத்தத்தைப் போட்டுக் காட்டினேன், "பாட்டா?" என்கிறார்.

அந்தச் சத்தத்தை நான் மூன்று தடவை கேட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் கீச்சென்று கத்தி அடங்குகிறது. பிறகு பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது மறுபடி கத்துகிறது. இது பெல்ட் வழுக்குகிற சத்தம். முழுக்கத் திருப்பும்போதுதான் பம்புக்குப் பாரம் ஏறும், தளர்ந்த பெல்ட்டால் அதை இழுக்க முடியாது. தண்ணீர்த் திருவிழாவில் ரோடு ரோடாகச் சுற்றி வண்டியை நனைத்த பிறகு கூடியது என்றும் சொன்னாய். ஈரம் பட்டால் அது இன்னும் வழுக்கும்.

ஆனால் நடுவில் மெல்லிசாக ஒரு முனகலும் கேட்கிறது. அது பெல்ட் இல்லை. ஆயில் குறைந்திருக்கும், இல்லை ஆயிலில் காற்று புகுந்திருக்கும். பம்பே தேய்ந்தாலும் இப்படித்தான் முனகும், அதனால்தான் ஆளாளுக்குப் பம்ப் என்கிறார்கள்.

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பானட்டைத் திற. கூந்தலைக் கொண்டை போட்டுக்கொள், துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடு. பெல்ட் ஓடும் இடம் அது. ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு இருக்கும். குளிர்க் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் குறைவு. நிறத்தையும் பார். நல்ல ஆயில் சிவப்பாகத் தெளிவாக இருக்கும். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் சூட்டில் கெட்டுவிட்டது என்று அர்த்தம். இழுத்து ஆற்றின டீ மாதிரி நுரைத்திருந்தால் உள்ளே காற்று.

நான் அனுப்பியிருப்பது டெக்ஸ்ரான் 3, ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஆயில் ஜாதி. உன் பழைய கொரோலாவுக்கு அதுதான். உன் தோழியின் ஹோண்டாவுக்கு மீதியை ஊற்றிவிடாதே, அதற்கு ஹோண்டாவின் சொந்த ஆயில் தனியாக இருக்கிறது. பிரேக் ஆயிலை மட்டும் எந்த வண்டி ஸ்டீயரிங்கிலும் ஊற்றக் கூடாது. ரப்பர் சீல் எல்லாம் ஊறிப் போய் ஒழுக ஆரம்பிக்கும்.

இப்போது என் வெட்கத்தைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. கடை ஆரம்பித்த புதிதில் ஆள் ஏற்றிப் போகும் லைன் கார் டிரைவர் ஒருவர் வந்து "ம்ம்ம்ங்" என்றார். பம்ப் என்று நானே சொல்லி விற்றேன், நல்ல விலைக்கு. மூன்றாம் நாள் வந்து, அதே "ம்ம்ம்ங்"கை இன்னும் சத்தமாகப் போட்டுக் காட்டினார். அப்பா போய்ப் பார்த்தார். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் காய்ந்து கட்டியாகி, கிளிப் தளர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். அதனால் ஆயில் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். தரையில் ஒரு துளி இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. ஒரு முழ ஹோஸும் இரண்டு கிளிப்பும்தான் செலவு. பம்ப் காசைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பல மாசம் கூச்சமாக இருந்தது. அதனால்தான் அந்த மெக்கானிக்கை நான் திட்டவில்லை. அந்த ஹோஸை மட்டும் கையால் அமுக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

அப்புறம் பெல்ட். பர்மாக்காரர்கள் பங்கா ஜோ, பங்காக் கயிறு என்று கேட்பார்கள், எந்த பெல்ட் ஆனாலும் அதே பேர்தான். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பெல்ட் சுற்றும் இரண்டு சக்கரத்துக்கும், அதுதான் புல்லி, நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பார். சுமார் 10 மில்லிமீட்டர் தாழலாம், அதற்கு மேல் தொளதொளவென்று போனால் தளர்ச்சி. உட்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் இறுக்கியும் பிரயோஜனமில்லை, மாற்ற வேண்டியதுதான். வெடிப்பு இல்லை, நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பழைய கால ரப்பர்தான் வெடித்துக் காட்டிக் கொடுக்கும். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் வெடிக்காமலே வரிப்பள்ளம் தேய்ந்துவிடும். நான் அனுப்பிய புதுசைப் பக்கத்தில் வைத்துப் பார், தெரியும்.

எண்ணையும் சரிபார். 4 பிகே என்றால் நாலு வரி, அதற்குப் பின்னால் வருவது மில்லிமீட்டரில் நீளம். "கொஞ்சம் நீளம்தான், இழுத்துக் கட்டிக்கலாம்" என்று கடையில் வேறு எதையாவது நீட்டினால் வாங்காதே. நானும் அப்படி நீட்டியிருக்கிறேன்.

மாட்டுவதற்கு முன்னால் அந்த டூத் பிரஷ்ஷை மெக்கானிக் கையில் கொடு, புல்லிப் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் தூளையும் மண்ணையும் சுரண்டச் சொல். இதைச் செய்யாமல் புது பெல்ட் போட்டால் ஒரே வாரத்தில் கத்தும். சோப்புத் தேய்ப்பது, ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் வேண்டாம். அன்றைக்கு அடங்கும், பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு இன்னும் மோசமாகும். கத்தக் கூடாது என்று கம்பி மாதிரி இறுக்கவும் விடாதே. பம்ப் பேரிங் அடிபடும், அப்போது நிஜமாகவே பம்ப் வாங்க வேண்டிவரும். புது பெல்ட் கொஞ்சம் தளரும், பத்து நாள் கழித்து ஒரு தடவை அழுத்திப் பார்.

மாட்டின பிறகும் கத்தினால் ஒரு சோதனை இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது, எட்டி நின்று, பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளி. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சட்டென்று நின்று, காய்ந்ததும் மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேராக இல்லை.

காற்றை எடுப்பது இப்படி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும், ஒரு இருபது தடவை. டப்பாவில் குமிழி வருவது நிற்கும் வரை ஆயிலைக் கோட்டில் வைத்துக்கொள். இதற்கு ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள், தனியாக வேண்டாம். இத்தனையும் செய்து முனகல் போகவில்லை என்றால், சரி, பம்ப்தான். அப்போது எனக்குச் சொல், நானே நல்லதாகப் பார்த்து அனுப்புகிறேன்.

உனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கைக் கோடிவரை திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டு போன் பார்ப்பாய். ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதே, ஆயில் கொதித்துப் போகும்.

வண்டி நகரும்போது "டொக்" என்றாலோ, திரும்பும்போது "டிக் டிக் டிக்" என்றாலோ அது பெல்ட்டும் இல்லை, பம்பும் இல்லை. முதலாவது பால் ஜாயின்ட், டை ராட் பக்கம், முன் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் இணைப்புகள், அதைத் தள்ளிப்போடாதே. இரண்டாவது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், சக்கரத்தைச் சுற்றும் தண்டின் மூட்டு. ஏதாவது ஒரு மதில் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போய்ப் பார். 1970இல் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் ஓட வேண்டும் என்று மாற்றினார்கள், ஜப்பான் வண்டிக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். மதில் உன் காதுப் பக்கமே இருக்கும், சத்தம் பட்டுத் திரும்பிவிடும். இந்த ஊரில் வண்டி ஓட்டுவதில் எனக்குத் தெரிந்த ஒரே லாபம் இதுதான்.

பீலிக்கான் முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், அடுத்த தடவை நீ வரும்போது போக வேண்டும். எக்ஸ்பிரஸ் வே 366 மைல், வழியில் ஸ்டீயரிங் பெல்ட் மட்டும் அறுந்தால் பயப்படாதே, ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், ஆனால் திரும்பும். பேட்டரி விளக்கு எரிந்தால்தான் உடனே ஓரம் கட்டு; பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் இன்னொரு பெல்ட் அறுந்திருக்கலாம், அந்த பெல்ட்தான் உன் வண்டியில் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது, இந்த வெயிலில் இன்ஜின் பத்து நிமிஷம் தாங்காது. 115ஆவது மைலில் இருக்கும் கடை வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று பார்க்காதே.

கழற்றின பெல்ட்டைத் தூக்கி எறியாதே. அப்பா தொட்டுப் பார்க்க வேண்டுமாம். முறுக்கு டப்பாவில் போட்டு அதே பஸ்ஸில் அனுப்பு. டப்பா எனக்குத் திரும்ப வேண்டும்.

அம்மா