முதலில் அரிசியைக் கொடுங்கள். சான்றிதழைப் பிறகு கேளுங்கள்

மதிப்பிற்குரிய உணவுப்பொருள் வழங்கல் துறை அலுவலர் அவர்களுக்கும், மாவட்டக் குறைதீர் அலுவலர் அவர்களுக்கும், வணக்கம்.

கேரளத்து மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை நின்றுபோனது தங்களுக்குத் தெரியும். காலையில் ஆளெண்ணி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு எப்போது நின்றது, சம்பளத்துக்கு முன்பணமாகத் தரும் செலவுக்காசு எப்போது நின்றது, தேயிலைத் தொழிற்சாலைக் கதவில் பூட்டு எப்போது விழுந்தது என்பதெல்லாம் தங்கள் அலுவலகக் கோப்புகளிலேயே இருக்கின்றன. தொழிற்சங்கங்கள் கொடுத்த மனுக்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே அந்தக் கதையை நான் மறுபடி எழுதவில்லை. அவசர உதவியாக அரிசி கேட்டும், நீல நிற ரேஷன் அட்டையைக் கூடுதல் அரிசி கிடைக்கும் முன்னுரிமை அட்டையாக மாற்றித் தரக் கேட்டும், எங்கள் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, கொடுத்த விண்ணப்பங்கள் கடந்த வாரம் மொத்தமாகத் திருப்பித் தரப்பட்டதைப் பற்றியே எழுதுகிறேன். ஒவ்வொன்றின் தலைப்பிலும் பென்சிலால் ஒரே குறிப்பு இருந்தது: எஸ்டேட் மேலாளர் சான்று இல்லை.

மேலாளரே இல்லாத தோட்டத்தில் மேலாளரின் சான்றை யாரிடம் போய் வாங்குவது? ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. சன்னல் வழியாக உள்ளே பார்த்தால், எங்கள் பெயர்களும் நாங்கள் வேலை செய்த நாட்களும் எழுதப்பட்ட செக்ரோல் புத்தகங்கள் மேசைமேல் அடுக்கியபடியே ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துக் கிடப்பது தெரிகிறது. அவற்றைத் திறந்து பார்த்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட அங்கே ஆள் இல்லை. தோட்டம் நின்றதால்தான் அரிசி கேட்கிறோம். தோட்டம் நடந்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒரு காகிதத்தை அந்த அரிசிக்கு நிபந்தனையாக வைப்பது எந்த வகையில் நியாயம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து கிள்ளியவர், கணவரை இழந்தவர், வேலையிலிருந்து நின்ற பிறகு வர வேண்டிய கிராஜுவிட்டி இன்னும் கைக்கு வந்து சேராதவர். மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அவருடன் இருக்கிறார்கள். மகளின் தோட்டச் சம்பளம்தான் அந்த வீட்டின் ஒரே வருமானமாக இருந்தது. அவருடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். சொந்த வீடா, வாடகை வீடா என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. லயம் சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை. வேலை பார்க்கும்வரை இருந்துகொள்ளக் கம்பெனி விட்ட இடம். சொந்தம் என்று எழுதினால் பொய்யாகும், வாடகை என்று எழுதினால் ஒப்பந்தப் பத்திரம் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடியே கம்பெனி லயம் என்று எழுதிக் கொடுத்தோம். அப்படியானால் கம்பெனியின் கடிதம் வேண்டும் என்றார்கள். வீட்டின் பரப்பளவுக்குப் பஞ்சாயத்துச் சான்று கேட்டார்கள். பஞ்சாயத்தில் போய்க் கேட்டால், தனியார் கட்டடத்துக்கு நாங்கள் எப்படிச் சான்று தருவது, கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். ஓர் அறையும் ஓர் அடுப்படியும் மட்டுமே உள்ள அந்த வீட்டை நானே டேப் பிடித்து அளந்தேன். 200 சதுர அடியைத் தாண்டவில்லை. 1000 சதுர அடிக்கு மேற்பட்ட வீடு, நான்கு சக்கர வாகனம், ஓர் ஏக்கருக்கு மேல் நிலம், மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வருமானம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் முன்னுரிமை கிடையாது என்கிறது தங்கள் விதி. இவற்றில் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள மேலாளரின் சான்று எதற்கு? ரேஷனிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து அந்த வாசலில் நின்றாலே போதும்.

நீல அட்டைக்கு ஆளுக்கு 2 கிலோ அரிசி, கிலோ 4 ரூபாய். நான்கு பேர் உள்ள அந்த வீட்டுக்கு மாதம் 8 கிலோ. முன்னுரிமையான பிங்க் அட்டை என்றால் ஆளுக்கு 5 கிலோ தானியம், அந்த வீட்டுக்கு 20 கிலோ, அதுவும் 2023 ஜனவரி முதல் விலையில்லாமல். அட்டையை மாற்றிக் கேட்டால், இணையத்தில் விண்ணப்பம் வாங்கும் காலம் முடிந்துவிட்டது, அடுத்த அறிவிப்பு வரும்போது அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் கொடுங்கள் என்கிறார்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேரளத்துக்கு 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து 1 கோடியே 54 லட்சத்து 80 ஆயிரம் பேர் என்று வரம்பு கட்டியிருப்பதும், ஒருவர் பட்டியலிலிருந்து வெளியே போனால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அந்த வரம்பு தங்கள் கையில் இல்லை. ஆனால் தகுதியில்லாதவர்களிடமிருந்து திரும்பப் பெறும் அட்டைகளால் காலியாகும் இடங்களில் யாரை முதலில் வைப்பது என்பது தங்கள் துறையின் கையில்தான் இருக்கிறது. சம்பளம் திடீரென்று நின்றுபோன குடும்பத்தை, அறிவிப்பு வரும்வரை காத்திரு என்று அனுப்புவதை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை.

இது ஆடி மழைக்காலம். வேறு மாதமாக இருந்தால் காலையில் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். இந்த அடைமழையில் ஜீப் வருவதில்லை, வந்தாலும் பாதி நாளில் வேலை கலைந்துவிடுகிறது. கடையில் பற்று நிறுத்திவிட்டார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, எங்கள் சம்பளத்தை நம்பித்தானே அவரும் கொடுத்துவந்தார். பெரியம்மா வீட்டில் அரிசியைக் கால் கிலோவாக வாங்கி இரவுக் கஞ்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பகலுக்கு மரவள்ளிக் கிழங்கு. பிள்ளைகள் இருவருக்கும் நிச்சயமாகக் கிடைக்கும் ஒருவேளைச் சோறு பள்ளிக்கூடத்து மதியச் சோறு. மழை வலுத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கும் நாளில் அதுவும் இல்லை. மண்சரியும் மலையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் விடுமுறை விடுகிறார்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் விடுமுறைச் செய்தி போனில் வந்த இரவு, “நாளைக்கும் பள்ளிக்கூடம் இல்லையா அம்மாச்சி?” என்று சின்னவன் கேட்டதையும், பெரியம்மா பதில் சொல்லாமல் எழுந்து போய் அரிசி டின்னைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மூடி வைத்ததையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவருடைய விண்ணப்பத்தில்தான் மேலாளர் சான்று இல்லை என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்.

காகிதத்துக்கு முன்னால் அரிசி என்று கேட்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை அன்று. 2016ஆம் ஆண்டு வறட்சி வழக்கில், பாதிக்கப்பட்ட பகுதிகளில் ரேஷன் அட்டை இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குடும்பத்துக்கும் தானியம் மறுக்கக் கூடாது, வேறு அடையாளச் சான்றே போதும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆதார் இணைக்கவில்லை, கைரேகை பதியவில்லை என்பதற்காக எவருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரல்களுக்கு அந்தக் கடிதத்தின் மதிப்பு தெரியும். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை கேட்டு நிற்காமல் உலர் உணவுப் பொருட்கள் கொடுக்க வேண்டும் என்று 2021 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. நீதிமன்றத்தையும் விட்டுவிடுங்கள். 2020 ஊரடங்கில் இதே கேரளம் எந்த நிறமென்று பாராமல் எல்லா அட்டைகளுக்கும் அரிசியும் பலசரக்குக் கிட்டும் கொடுத்தது. அட்டையே இல்லாதவர்களுக்கும் கொடுத்தது. அன்று இதே மலைகளில் இதே கடைகள் வழியாகத்தான் அது வந்து சேர்ந்தது, நாங்கள் அதை நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறோம்.

அதீத வறுமை இல்லாத மாநிலம் என்று 2025 நவம்பர் 1 அன்று அரசு அறிவித்தபோதும் நாங்கள் மகிழ்ந்தோம். அந்தத் திட்டத்தில் 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்தது அவர்கள் விண்ணப்பம் போட்டு அல்ல. அதிகாரிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவி அமைப்பின் பெண்களும் வீடு தேடிப் போய்ப் பார்த்து எழுதியதால்தான். காகிதம் இல்லாதவர்களுக்குக் காகிதத்தையும் அரசே எடுத்துக் கொடுத்தது. அதே முறையில் எங்கள் லயங்களுக்கும் ஒருமுறை வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். முதலில் அரிசியைக் கொடுங்கள். சான்றிதழைப் பிறகு கேளுங்கள். விசாரித்துப் பார்த்துத் தகுதி இல்லை என்று தெரிந்தால் அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவரும் தடுக்கப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கவுண்டரில் இருந்தவர் பெரியம்மாவிடம், “உங்களுக்குக் கீழே கம்பத்திலும் தேனியிலும் கார்டு இருக்குமே, அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். அந்த அம்மா பிறந்தது இந்த லயத்தில். அவருடைய தாயும் இங்கேதான் பிறந்தார். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு மலைகள் கேரளத்தோடு சேர்ந்தன. அன்று முதல் இந்த மாநிலத்துக்குத்தான் எங்கள் வாக்கும் எங்கள் உழைப்பும். இரண்டு இடத்தில் அட்டை இருக்கிறதா என்பது ஆதார் எண்ணைத் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதைத் தட்டிப் பார்க்காமல் வயதில் மூத்த ஒரு பெண்ணை ஊரைவிட்டுப் போகச் சொல்வது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. தமிழில் எழுதிய மனுவை வாங்க மறுத்ததும் அதே நாளில்தான் நடந்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தரப்பட வேண்டும் என்று 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. குறைதீர்க்கக் கேட்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனபோது, நிவாரணம் அறிவிப்பதற்கு எவரும் மேலாளரின் சான்றுக்காகக் காத்திருக்கவில்லை. அமைச்சர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், லயத்தின் நீள அகலம் நாடெங்கும் தெரிந்தது. செத்துப்போனவர்களுக்கு வேண்டாத சான்று உயிரோடு இருப்பவர்களின் சோற்றுக்கு மட்டும் எப்படித் தேவைப்படுகிறது? தேயிலையின் பசுமையைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் ஏறி வரும் இந்த மலையில், அந்தப் பசுமையை வளர்த்தவர்கள் கால் கிலோ அரிசிக்குக் கடைவாசலில் நிற்பது யாருக்கும் கண்ணில் படவில்லையா?

கடுமையாக எழுதுவது என் நோக்கமன்று. தங்கள் துறையில் எங்களுக்கு உதவியவர்களும் உண்டு என்பதை மறக்கவில்லை. கோரிக்கைக்கே வருகிறேன். திருப்பித் தரப்பட்ட விண்ணப்பங்கள் அனைத்தையும் மேலாளர் சான்று இல்லாமலே திரும்ப ஏற்றுக்கொண்டு, பெற்றுக்கொண்ட தேதியிட்ட ரசீதைத் தர வேண்டுகிறோம். விசாரணை முடியும்வரை, வேலை நின்ற குடும்பங்களுக்கு முன்னுரிமை அட்டைக்குரிய அளவில் உடனடியாக அரிசி வழங்க வேண்டுகிறோம். மேலாளரின் சான்றுக்குப் பதிலாக ரேஷனிங் இன்ஸ்பெக்டரின் நேரடி விசாரணை அறிக்கையையோ வார்டு உறுப்பினரின் கடிதத்தையோ ஏற்கும்படி கேட்கிறோம். இவற்றில் எதையாவது மறுப்பதாக இருந்தால், காரணத்தை எழுதி, கையொப்பமும் தேதியும் இட்டுத் தமிழில் தாருங்கள். பென்சில் குறிப்பை வைத்துக்கொண்டு நாங்கள் மேல்முறையீடு செய்ய முடியாது; கையொப்பமிட்ட உத்தரவு இருந்தால் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி அமைந்த மாநில உணவு ஆணையத்திடம் அதை எடுத்துச் செல்வோம்.

விண்ணப்பங்களின் நகல்கள் வார்டு உறுப்பினரிடம் இருக்கின்றன. தங்கள் அலுவலர் எந்த நாளில் வந்தாலும் லயம் லயமாக அழைத்துச் சென்று காட்ட நான் தயாராக இருக்கிறேன். மழை விடும்வரை காத்திருக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து லயங்களில் வாழும் குடும்பங்களின் சார்பில், அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன்