சயாமுக்குப் போனவர்களின் மனைவியரை எழுதுங்கள்

தமிழில் வரலாற்றுப் புதினம் எழுதுவோருக்கும் அவற்றைப் பதிப்பிப்போருக்கும்,

வணக்கம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம், சயாம் என்று நம்மவர்கள் சொன்ன தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை அமைத்தபோது, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர்; அவர் திரும்பி வரவில்லை. காட்டில் அவர்கள் பட்ட பாட்டை, காலராவையும் அடைமழையையும் மூங்கில் கொட்டகைகளையும், மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றை நன்றியோடு வாசித்தவள் நான். ஆயினும் தோட்டத்துச் சாலையில் லாரி மறைந்ததும் கதையும் ஆண்களோடு வடக்கே போய்விடுகிறது. லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், நின்றவள் கடைசி அத்தியாயத்தில் அழுவதற்காக மட்டும் மறுபடி வருகிறாள். இடைப்பட்ட ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதை முழு நாவலாக எழுதுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பாட்டி தாலியைக் கழற்றவே இல்லை. ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, போர் 1945 ஆகஸ்டில் ஓய்ந்தது, எலும்பும் தோலுமாகச் சிலர் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் தாத்தாவைக் காய்ச்சல் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த செய்தி. இறந்த நாள் தெரியாதவருக்குத் திதி ஏது? ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று அவருக்குப் படையல் வைத்தாள், நெற்றியில் குங்குமத்தோடு வைத்தாள். அதற்காக மற்றப் பெண்கள் பேசிய பேச்சையும் அவள் கேட்டுக்கொண்டாள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்தப் பாதை வேலையில் இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்; அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. ஒரு கல் இருந்திருந்தால் பாட்டி ஒரு முடிவுக்கு வந்திருப்பாள் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் காத்திருந்த பெண் என்று மட்டும் அவளை எழுதிவிடாதீர்கள். காத்திருந்த நேரமெல்லாம் அவள் வேலை செய்தாள். ரப்பரை வாங்க ஆளில்லாத அந்த நாள்களில், அரிசி கண்ணில் படாமல், மரவள்ளிக்கிழங்கை நட்டும் பிடுங்கியும் அவித்தும் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். துணி கிடைக்காதபோது கோணிச்சாக்கை வெட்டித் தைத்தாள். போர் முடிந்ததும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, தாத்தா பால் வெட்டிய நிரையையே, அந்த மரவரிசையையே, தனக்குக் கேட்டு வாங்கினாள். தோளில் காண்டா என்னும் காவடித்தடி சுமந்து பால் கொண்டுவந்தாள், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைக் கழுவினாள், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கினாள். ஆணுக்குக் கொடுத்த கூலியைவிடக் குறைவாகவே அவளுக்குக் கொடுத்தார்கள். பத்து வயது மூத்த மகள், அதாவது என் அம்மா, தம்பிகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியிலிருந்து நின்றார். மூங்கில் குழாய்க்குள் பாட்டி சேர்த்து வைத்திருந்த வாழைமர நோட்டுகள், அதாவது ஜப்பானியர் ஆட்சியில் அச்சிட்ட பண நோட்டுகள், 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. அதில் ஒரு நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

தாய்லாந்துப் பகுதியில் இருந்த ரயில் பாதையை 1946இல் அந்நாட்டு அரசுக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு பிரிட்டிஷார் விற்றார்கள். அதே ஆண்டில் ஒரு லயத்து வீட்டில் ஒரு பெண் அன்றைய கூலிக்கு எவ்வளவு அரிசி வாங்க முடிந்தது என்று பார்த்து, அந்த அரிசியை எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று பங்கிட்டதை யாராவது எழுத வேண்டும்.

நேதாஜி 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவாக அமைத்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். அவர்களைப் பெருமையோடு எழுதுகிறோம், எழுதவும் வேண்டும். அந்தப் படைக்குப் போகாமல், கைக்குழந்தையோடு தோட்டத்திலேயே இருந்தவளும் அதே அளவு விரிவான நாவலுக்கு உரியவள் என்று நம்புகிறேன். கணவரோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயில் பாதைக்கே போன பெண்களும் உண்டு. அவர்களைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. மறுமணம் செய்துகொண்டவளை, கணவன் பிழைத்து வந்து நின்ற வாசலோடு சேர்த்து எழுதத் துணிபவர் யார்? அப்படி எழுதும்போது அவளைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்களில் இன்று உயிரோடிருப்போர் வெகு சிலர். அவர்களின் பிள்ளைகளுக்கே எண்பது வயதுக்கு மேலாகிறது. நாவலுக்கு முன்பணம் கொடுக்கும்போது, எழுதுபவர் மலேசியாவின் பேராக், சிலாங்கூர், ஜொகூர் மாநிலங்களுக்குச் சென்று அவர்களோடு உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்வதற்கான செலவையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பதிவுகளை நாவல் வெளிவந்த பின்னும் பாதுகாத்து வையுங்கள். என் அம்மா சொன்னவற்றை நான் இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத முன்வரும் யாருக்கும் அவற்றைத் தரத் தயாராக இருக்கிறேன்.

பணிவுடன்,
தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பேத்தி