துறையில் நின்று பெற்றோல் ஊற்றும் மகனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவாய். இது அப்படிக் கேட்டுவிட்டுப் போகிற விடயம் இல்லை. ஆறுதலாக இருந்து ஒரு முறை முழுதாக வாசி. வாசித்துவிட்டு மருமகளிடமும் கொடு.

படகின் படங்கள் கிடைத்தன. வெள்ளை உடம்பும் நீலக் கரையுமாக அழகாக இருக்கிறது. வாவிக்கரையில் வளர்ந்த பிள்ளை கனடாவின் சிம்கோ ஏரியில் சொந்தப் படகு ஓட்டுகிறான் என்று இங்கே எல்லோருக்கும் காட்டினேன். பெரியம்மா திரும்பவும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆனால் ஒரு படத்தில், உன் நண்பருடைய வீட்டுத் துறைப் பலகையில் சிவப்புப் பெற்றோல் கான்கள் வரிசையாக நிற்கின்றன. நீ ஒன்றைத் தூக்கிப் படகுக்குள் சரித்துக்கொண்டிருக்கிறாய். சின்னவள் பின் இருக்கையில் இருந்து கையசைக்கிறாள். அந்தப் படத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

மிச்சம் பிடிப்பதை நான் குறை சொல்லவில்லை. படகுத்துறை எண்ணெய் நிலையத்தில், வீதியோரப் பெற்றோல் செட்டைவிட லீற்றருக்கு 40 சதம் கூடுதலாக எடுக்கிறார்கள் என்றாய். 100 லீற்றருக்கு 40 டொலர். கோடை முழுவதும் சனி, ஞாயிறுகளில் ஓடினால் அது பிள்ளைகளின் பாடசாலைச் செலவில் ஒரு பங்கு. மீனவர் சங்கத்து எண்ணெய்க் கூடத்தில் அளந்து கொடுத்துக் கணக்கு எழுதியவள் நான். ஒரு லீற்றரின் விலை ஒரு வீட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, கடலுக்குப் போகிற படகுகள் கரையில் கிடந்ததைப் பார்த்தேன். போன படகுகளும் எண்ணெய்க் காசைப் பிடிக்கும் மீன் கிடைக்காமல் திரும்பின. ஆகவே 40 சதத்தைச் சின்னக் காசு என்று உனக்குச் சொல்ல நான் ஆள் இல்லை.

ஆனால் அந்த 40 சதத்தை எதற்கு வாங்குகிறார்கள் என்று யோசித்தாயா? அங்கே குழாய் நீளமானது. அதன் உலோக மூக்கு படகின் எண்ணெய்த் தாங்கியின் வாயைத் தொட்டபடி இருக்கும். பழகிய ஒரு ஆள் பக்கத்தில் நிற்பார். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். சிந்தினால் ஒற்றியெடுக்க உறிஞ்சுதுணி இருக்கும். உன் நண்பரின் துறையில் இவை ஒன்றும் இல்லை. நீ மிச்சம் பிடிப்பது இந்த ஏற்பாடுகளின் விலையைத்தான். அப்படியென்றால் இவ்வளவு வேலையையும் நீ ஒருவனே செய்ய வேண்டும். செய்ய முடியுமென்றால் தாராளமாக மிச்சம் பிடி. முடியாத நாளில் காசைக் கொடுத்துவிடு. நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் எப்படிச் செய்வது என்பது பற்றி.

நீ சின்ன வயதில் கரையில் பார்த்த பழக்கம் உன் கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முகத்துவாரத்தில் படகு தள்ளும் முன்பு கானைத் தோளில் வைத்துப் புனலில் ஊற்றுவார்கள். இரண்டு அடி தள்ளி ஒருவர் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் நடக்காது. ஏன் நடக்கவில்லை தெரியுமா? அது மண்ணெண்ணெய். நம்முடைய படகுகளின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின்களில் பல, தொடங்குவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் குடித்துவிட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விட ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். பெற்றோலுக்கு அந்தக் கணக்கே வேறு. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அது பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். கனடாவின் குளிர்காலத்திலும் பற்றுகிற ஒன்றை ஆடி மாத வெயிலில் திறந்து ஊற்றுகிறாய், மகன்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. நம்முடைய படகு திறந்த படகு. எண்ணெய்த் தாங்கி வெளியே நிற்கும், கடற்காற்று அடித்துக்கொண்டே இருக்கும், சிந்தியதும் காய்ந்துவிடும். உன்னுடையதில் எஞ்சின் பின் இருக்கைக்கு அடியில் மூடிக்குள் இருக்கிறது. தாங்கியும் தளத்துக்குக் கீழே இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி இறங்கும். படகின் அடிவயிறுதான் அதற்குப் பள்ளம். அங்கே காற்று இல்லை, யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை. நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பற்றிவிடும். எஞ்சினைத் தொடங்குகிற நேரத்தில் மின்கம்பி ஒன்றில் எழும் சின்னப் பொறி போதும். பெற்றோல் படகுகள் பல ஓடும்போது எரிவதில்லை. எண்ணெய் நிரப்பி முடித்துத் திறப்பைத் திருப்பும் அந்தக் கணத்தில்தான் வெடிக்கின்றன. சின்னவள் இருந்தது அந்த மூடிக்கு மேலே.

அதனால் முதலாவது, ஊற்றும்போது படகில் ஒருவரும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் புல்வெளியில் நிற்கட்டும், மருமகள் அவர்களோடு நிற்கட்டும். எண்ணெய் நிரப்பும் வேலையில் இல்லாதவர் படகில் இருக்கக்கூடாது என்பது அந்த நாட்டுச் சிறு படகுகள் ஒழுங்குவிதிகளிலேயே இருக்கிறது. அம்மாவின் பயம் மட்டும் இல்லை. எஞ்சினை நிறுத்து. சமையல் அடுப்பு, குளிர்ப்பெட்டி, வானொலி எல்லாவற்றையும் நிறுத்து. கதவு, யன்னல், மூடிகளைச் சாத்து, ஆவி உள்ளே போகாமல் இருக்க. நிரப்பி முடித்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடு. அதன்பின் எஞ்சின் அறைக்குள் இருக்கும், ஆவியை வெளியே தள்ளுகிற காற்று ஊதியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடு. இதுவும் அங்கே சட்டம். கடிகாரத்தைப் பார்த்து 4 நிமிடம், மனக்கணக்கில் இல்லை. பிறகு எஞ்சின் மூடியைத் தூக்கி, முகத்தைக் கீழே கொண்டுபோய் மோந்து பார். உன் மூக்கைவிட நல்ல கருவி இல்லை. கொஞ்சம் மணத்தாலும் திறப்பில் கை வைக்காதே. எங்கிருந்து வருகிறது என்று தேடு.

கானில் நிரப்புவதிலும் ஒரு கவனம் வேண்டும். வீதியோரச் செட்டில் காரின் பின்பெட்டிக்குள் வைத்தபடியே கானை நிரப்பாதே. இறக்கித் தரையில் வைத்து, குழாயின் மூக்கு கானின் வாயைத் தொட்டபடி, மெதுவாக நிரப்பு. பெற்றோல் ஓடும்போது நிலைமின் சேரும். கான் தரையில் இருந்தால் அது இறங்கிப்போக வழி கிடைக்கும். கம்பளத்தின் மேலோ பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ இருந்தால் போக வழி இல்லாமல் பொறியாகப் பாயும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் இந்தத் தொல்லையை நாங்கள் அவ்வளவாக அறிந்ததில்லை. அங்கே காற்று காய்ந்த நாட்களில் கதவுப்பிடியைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

20 லீற்றர்க் கான் ஏறக்குறைய 15 கிலோ வரும். மிதக்கும் பலகையில் நின்றுகொண்டு, ஆடுகிற படகுக்கு மேலே அதைத் தூக்கிச் சரிப்பது எவ்வளவு பலசாலிக்கும் சிந்துகிற வேலைதான். தூக்காதே. உறுதியான உயரத்தில் கானை வைத்து, பெற்றோலுக்கென்றே விற்கிற குழாயைப் போடு. நுனியில் பித்தளை அடைப்பு இருக்கும், நாலு தரம் குலுக்கினால் தானாக இறங்கத் தொடங்கும். அல்லது கைப்பம்பு வாங்கு. வாயால் உறிஞ்சுகிற பழக்கத்தை இந்தக் கரையோடு விட்டுவிடு. ஒரு மிடறு வயிற்றுக்குள் போவதைவிட ஒரு துளி நுரையீரலுக்குள் போவது மோசம். மண்ணெண்ணெய் உறிஞ்சி மூச்சு முட்டி ஆசுபத்திரிக்குப் போனவர்களை நான் அறிவேன்.

ஊற்றும் துவாரம் எது என்பதையும் நன்றாகப் பார்த்துக்கொள். தூண்டில் தடி செருகுகிற குழியும், குடிதண்ணீர் ஊற்றும் வாயும் பார்வைக்குப் பெற்றோல் ஊற்றும் வாயைப் போலவே இருக்கும் என்று சொல்கிறார்கள். தடி செருகும் குழியில் பெற்றோல் ஊற்றினால் அது நேரே படகின் வயிற்றுக்குள்தான் போகும். மூடிமேல் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் வாசித்துவிட்டுத் திற. நிரப்புகிற வேலையைக் கூட வருகிற நண்பர்களிடம் விடாதே.

தாங்கியை வாய்வரை நிரப்பாதே. நிலத்தடித் தாங்கியிலிருந்து வருகிற பெற்றோல் குளிர்ந்தது. வெயிலில் 20 பாகை சூடேறினால் 100 லீற்றர் ஏறக்குறைய 102 லீற்றர் ஆகும். அந்த 2 லீற்றரும் படகின் பக்கத்திலுள்ள காற்றுத் துவாரத்தால் ஏரிக்குள் போகும். பத்தில் ஒரு பங்கை வெறுமையாக விடு. வாவியில் படகுகள் கட்டும் இடத்தில் தண்ணீர்மேல் நிறம் நிறமாய் ஓடுமே, அதை இறாலும் நண்டும் இரை தேடுகிற கரையில் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. சிம்கோ ஏரியிலிருந்து குடிதண்ணீர் எடுக்கிற ஊர்கள் இருக்கின்றன. சிந்தினால் சவர்க்காரம் ஊற்றிக் கரைக்காதே. எண்ணெய் மறைந்ததுபோல் தெரியும், உண்மையில் கீழே இறங்கி மீனைத் தொடும். உறிஞ்சுதுணியால் ஒற்றி எடு. அந்தத் துணியைப் படகுக்குள் போட்டுவைக்காதே.

மலிவாகக் கிடைக்கிறதென்று கான்களில் சேர்த்துவைக்கிற எண்ணம் இருந்தால் அதை விடு. அங்கத்தைய பெற்றோலில் எதனோல் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் தண்ணீர் அடியில் பிரிந்து எஞ்சினுக்குள் போகும். ஒரு எஞ்சின் திருத்தச் செலவில் உன்னுடைய பல கோடைகளின் மிச்சம் போய்விடும். தட்டுப்பாட்டுக் காலத்தில் இங்கே அடுப்படி மூலையில் பெற்றோல் ஒளித்து வைத்த வீடுகளைப் பார்த்து நான் நடுங்கியிருக்கிறேன். அது இல்லாமையால் வந்த வேலை. உனக்கு அந்த இல்லாமை இல்லை. அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கு. மிஞ்சியதைக் காரில் ஊற்றிவிடு.

துறை உன்னுடையது இல்லை, நண்பருடையது. அவருடைய வீட்டுக் காப்புறுதியும் உன் படகுக் காப்புறுதியும் இப்படி எண்ணெய் நிரப்புவதை ஏற்கின்றனவா என்று இரண்டு பேருமாகக் கேளுங்கள். அவர் வாய் திறந்து "வேண்டாம்" என்று சொல்லமாட்டார். நல்ல மனிதர்கள் அப்படித்தான். நீயாகத்தான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம்விட லேசான வழி ஒன்று எனக்குத் தோன்றுகிறது. கோடை தொடங்கும்போது படகை இழுவை வண்டியில் ஏற்றித்தானே ஏரிக்குக் கொண்டுபோகிறாய்? போகிற வழியில் வீதியோரச் செட்டிலேயே நிறுத்தி, படகில் ஒருவரும் இல்லாமல், தாங்கியை அங்கேயே நிரப்பிவிடு. காற்று ஊதியும் மூக்கும் அங்கேயும் வேண்டும். ஆனால் கானும் வேண்டாம், பலகையில் தடுமாறவும் வேண்டாம், விலையும் வீதி விலைதான். இடையில் குறைகிறதை மட்டும் துறையில் ஊற்றினால் போதும். காற்று அசையாத நாளிலும், இருட்டிய பிறகும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதபோதும் துறையில் ஊற்றாதே. அன்றைக்குப் படகுத்துறை நிலையத்துக்குப் போ. அந்தக் காசை நான் தருகிறேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்தாலும் பரவாயில்லை, தருகிறேன்.

பெற்றோல் தீக்குரிய தீயணைப்பான் ஒன்றை வாங்கித் துறைப் பலகையிலும் வைத்துக்கொள். படகுக்குள் இருப்பது படகு எரியும்போது கைக்கு வராது. வருகிற சனிக்கிழமை புறப்படும் முன்பு எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் மாமா எஞ்சின் வேலை தெரிந்தவர். குழாய்களும் இறுக்கிகளும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வார். காற்று ஊதி வேலை செய்கிற சத்தத்தையும் பதிந்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா