எரிக் மெட்லனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள எரிக்,

ஐந்து நொடிகூட நீடிக்காத ஒரு பந்தயத்தில் மனிதரின் குணம் எங்கே தெரியப்போகிறது என்று நேரான குறுந்தடத்தில் கார்கள் சீறிப்பாயும் டிராக் ரேஸைப் பார்த்திராதவர்கள் கேட்பதுண்டு. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே, அணிகள் காரைச் சரிசெய்யும் பிட் பகுதியில் தெரியும். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் பந்தயங்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் அங்கே போகலாம். கயிற்றுக்கு இப்பால் நின்றுகொண்டு, சற்றுமுன் ஓடிவந்த ஃபன்னி கார் என்ற வகை டிராக் காரின் மேற்கூட்டைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினைப் பிஸ்டன் வரை கழற்றி, ஒன்றேகால் மணி நேரத்துக்குள் திரும்பப் பூட்டிவிடுவதைப் பார்க்கலாம். எரிபொருளான நைட்ரோமீத்தேனின் புகையில் கண் எரிந்து நீர் வழியும். அந்த நெருக்கத்தில் எந்த ஓட்டுநராலும் பொய்முகம் காட்டிக்கொண்டே இருக்க முடியாது. ஃபன்னி கார் ஓட்டுநராக இருந்த உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், எதிரணிக்காரர்கள் உட்பட, வெற்றிகளைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் சிரித்த முகத்தைச் சொல்கிறார்கள்.

கலிபோர்னியாவின் ஓக்டேல், கௌபாய்களின் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர். பள்ளி நாட்களில் அங்கே குதிரைமேலிருந்து கயிறு வீசும் ரோடியோ போட்டிகளில் கலந்துகொண்ட நீங்கள், பிறகு உங்கள் தந்தை ஜான் மெட்லன் பணியாற்றிய, பலமுறை சாம்பியனான ஓட்டுநர் ஜான் ஃபோர்ஸின் அணியில் மெக்கானிக்காகச் சேர்ந்து, பல ஆண்டுகள் மற்றவர்கள் ஓட்டும் காருக்காக உழைத்தீர்கள். 2004இல் அணியின் ஓட்டுநர் டோனி பெட்ரகனின் இடம் காலியானபோது, ஃபோர்ஸ் வெளியிலிருந்து பெயர்பெற்ற ஒருவரைக் கொண்டுவராமல் உங்களை உட்காரவைத்தார். காரைத் தயார்செய்யும் தலைமைப் பொறுப்பு உங்கள் தந்தையுடையது. அந்த ஆண்டே மினசோட்டாவின் பிரெய்னர்டில் முதல் வெற்றி, கடைசிவரை மொத்தம் ஆறு வெற்றிகள். ஸ்பானர் பிடித்த கை ஸ்டியரிங்கைப் பிடித்ததால்தான் உங்களுக்குத் தலைக்கனம் வரவில்லை என்பது என் எண்ணம்.

2007 மார்ச் 19 அன்று, புளோரிடாவின் கெயின்ஸ்வில் தடத்தில், பந்தயம் முடிந்த மறுநாள் நடந்த சோதனை ஓட்டம் அது. டிராக் காரின் பின் டயர்கள், புறப்படும்போது பக்கச்சுவர் மடிந்து தரையைப் பற்றும் அளவுக்கு மென்மையானவை. அந்த மடிப்பின் ஒழுங்கு தவறினால் கார் முழுவதும் உதறும். ஓட்டுநர்களுக்கு இது பழகிய தொல்லைதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிப்பார்கள். அன்று டயர் பழுதானதால் வந்த உதறலோ யாரும் கண்டிராதது. ஹெல்மெட்டும் பெல்ட்டும் இருந்தும், உங்கள் தலை பாதுகாப்புக் கூண்டின் கம்பிகளில் மாறி மாறி மோதியது. கார் சுவரில் இடித்ததைவிட அந்த உதறல்தான் உயிரைப் பறித்தது என்று ஆய்வு பின்னர் காட்டியது. 23ஆம் தேதி நீங்கள் காலமானீர்கள். வயது 33.

"விரும்பிய வேலையைச் செய்யும்போதே போனார்" என்று இத்தகைய மரணங்களின்போது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அந்த ஆறுதல் பிடிப்பதில்லை. உங்கள் அணியினரும் அதோடு நின்றுவிடவில்லை. ஹூஸ்டனில் நடந்த அடுத்த பந்தயத்திலிருந்து விலகி, உங்கள் பெயரிலேயே ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் உங்கள் தந்தை. தன் கையால் தயார்செய்த கார், தன் மகன் உட்கார்ந்திருந்த இருக்கை, அவன் தலை மோதிய கம்பிகள். அவற்றை அளந்து பார்க்க ஒரு தகப்பனுக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! கூண்டு அகலமானது, தலையைச் சுற்றி மெத்தை தடித்தது, காரின் சட்டகத்தில் கூடுதல் குழாய்கள் வந்தன. கண்டறிந்ததை எதிரணிகளிடமிருந்து அவர்கள் மறைத்துவைக்கவும் இல்லை.

நீங்கள் இறந்து சரியாக ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 23 அன்று, டெக்சாஸின் என்னிஸ் தடத்தில் ஃபோர்ஸின் கார் இரண்டாக உடைந்தது. அவருக்குக் கணுக்கால் முறிந்தது, கையிலும் கடுமையான காயம், தலை தப்பியது. உங்களுக்குப் பின் செய்த மாற்றங்களே தன்னைக் காப்பாற்றின என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நடக்கவே சிரமப்படுவார் என்று பலர் நினைத்த அந்த மனிதர் 2010இலும் 2013இலும் மீண்டும் சாம்பியன் ஆனார்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில், வர்ஜீனியாவில், எஞ்சின் வெடித்து கார் சுவரில் மோதியதில், 75 வயதான ஃபோர்ஸுக்கு மூளையில் பலத்த காயம் ஏற்பட்டது. பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்துவிட்டார். உங்கள் தந்தை தொடங்கிவைத்த வேலையில் மிச்சம் இருக்கிறது என்பதை, இன்று அந்த இருக்கையில் உட்காரும் இளைஞர்களுக்கும் அவர்களுடைய அணிகளுக்கும் யாராவது அடிக்கடி நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்புடன்,
தொலைவிலிருந்து ஒரு ரசிகன்