பெட்டோ நினைவுப் பயிற்சிக் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

தை மாதம் தொடங்கிய பயிற்சிக் கூடத் திருப்பணி ஆவணியில் நிறைவு பெற்றது. செப்டம்பர் 11 முதல், மூளைச் சேதத்தால் கை கால் அசைவு பாதித்த (பெருமூளை வாதம்) நம் குழந்தைகள் கூடத்தைப் பயன்படுத்தி வருகிறார்கள். இத்தகைய குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி முறையை வகுத்த ஹங்கேரி மருத்துவர் ஆந்த்ராஷ் பெட்டோ பிறந்ததும் மறைந்ததும் செப்டம்பர் 11 என்பதால்தான் திறப்புக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். என்ன வேலை நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம், பணம் எப்படிச் செலவானது, இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே தருகிறோம்.

முதலில் பெயர். ஹங்கேரிக்காரர் ஒருவரின் பெயர் நம் கூடத்துக்கு எதற்கு என்று பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். பெட்டோ 1893-இல் சொம்பாத்ஹெய் என்ற ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் மருத்துவம் படித்து ஆஸ்திரியாவில் பணியாற்றினார். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டபோது புடாபெஸ்ட் திரும்பினார். போர் முடிந்த காலத்தில், நடக்கவும் உட்காரவும் முடியாது என்று ஒதுக்கப்பட்ட சில குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். 1950-இல் அது அரசு நிறுவனமானது. 1963-இல் சுகாதாரத் துறையிலிருந்து கல்வித் துறைக்கு மாறியது. அந்த மாற்றத்திலேயே அவருடைய கருத்து முழுவதும் இருக்கிறது. மூளையில் ஏற்பட்ட சேதம் ஆறாது. ஆனால் அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும். உட்காருவதும், எழுவதும், கழிப்பறைக்குப் போவதும், கரண்டி பிடிப்பதும் எழுத்தைப் போலக் கற்பிக்க வேண்டிய பாடங்கள் என்றார் பெட்டோ. கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், பேச்சுக்கு ஒருவர் என்று குழந்தையைப் பங்கு போடாமல், காலை முதல் மாலை வரை ஒரே பயிற்றுநர் குழு எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பித்தது. அவர் எழுதி வைத்தது மிகக் குறைவு. 1967-இல் அவர் மறைந்த பிறகு, அவருடன் பணியாற்றிய மருத்துவர் மாரியா ஹாரி நிறுவனத்தை நடத்தி முறையைக் காப்பாற்றினார். 1960-களில் புடாபெஸ்ட் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் எஸ்தர் காட்டன் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1986-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு படம் வந்த பிறகு, பிரிட்டனிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புடாபெஸ்ட் போனார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெட்டோ முறை மற்ற தீவிரப் பயிற்சிகளைவிட மேலானது என்று ஆய்வுகள் நிறுவவில்லை. அவருடைய நிறுவனத்தில் நான்கு ஆண்டு படித்து வந்த பயிற்றுநர் நம்மிடம் யாரும் இல்லை. அதனால் நம் கூடத்தைப் பெட்டோ பள்ளி என்று யாரும் விளம்பரம் செய்ய வேண்டாம். வழக்கமான பிசியோதெரபியும் சிறப்பு ஆசிரியர்களின் வகுப்பும்தான் இங்கே நடக்கின்றன. நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மரச்சாமான், நாள் ஒழுங்கு, குழந்தை தானே பிடித்துத் தானே எழ வேண்டும் என்ற பிடிவாதம். சிலையோ படமோ வைக்காமல் அந்தச் சாமான்களையே அவர் நினைவாகச் செய்தோம்.

தரை வேலைதான் எல்லாவற்றிலும் அதிக நாள் பிடித்தது. கூடம் 30 அடிக்கு 20 அடி. நம் ஊர்க் கட்டடங்களில் கழுவிவிடுவதற்காகத் தரையில் வாட்டம் கொடுப்பது வழக்கம். இங்கேயும் கதவுப் பக்கம் வாட்டம் இருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் குழந்தைக்கு அந்த வாட்டமே எதிரி. இறங்கும் பக்கம் நாற்காலி தானாக ஓடும், குழந்தை பின்னால் இழுபட்டு விழும். பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, டியூப் லெவல் (தண்ணீர்க் குழாய் மட்டம்) பிடித்து, நாலு மூலையும் நடுவும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகே டைல்ஸ் ஒட்டினோம். பளபளப்பில்லாத மேட் டைல்ஸ், வெளிர் சாம்பல் நிறம். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு அடர் நீலம். பார்வைக் குறைபாடும் சேர்ந்திருக்கும் குழந்தைகளுக்குத் தரை எங்கே முடிகிறது என்பது அதில் தெரியும். இனி இந்தத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, தேங்கும். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர் துணி போட வேண்டும்.

சாய்தளம் 12-க்கு 1 கணக்கு, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம். அடித்தளம் 45 செ.மீ. உயரம் என்பதால் 5.4 மீட்டர் நீளம் தேவைப்பட்டது. நேராக அவ்வளவு இடமில்லை. 2.7 மீட்டராக இரண்டாகப் பிரித்து, திருப்பத்தில் 1.5 மீட்டர் சதுரச் சமதளம் விட்டோம். சக்கர நாற்காலி முழுவதும் திரும்ப அவ்வளவு வேண்டும். சாய்தளத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதே அளவு சமதளம். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சிறு திண்டு, மேற்பரப்பில் துடைப்பத்தால் குறுக்குக் கோடு. கைப்பிடிக் கம்பி இரண்டு வரிசை: பெரியவர்களுக்கு 90 செ.மீ., குழந்தைகளுக்கு 60 செ.மீ. சித்திரை வெயிலில் ஸ்டீல் கம்பி கையைச் சுட்டுவிடும், ஒரு முறை சுட்டால் குழந்தை பிறகு பிடிக்காது. அதனால் மேற்குப் பக்கம் தகர நிழல் போட்டிருக்கிறோம்.

இனி மரச்சாமான்கள். எட்டுச் சட்டக் கட்டில்கள், பதினான்கு ஏணி நாற்காலிகள், இருபது கால்பலகைகள், நான்கு சிறு கழிப்பு நாற்காலிகள், இருபத்துநான்கு கைக்கோல்கள். எல்லாம் பழைய மரக்கடையில் வாங்கிய தேக்கு. பழைய மரம் காய்ந்து அடங்கியது, இனி முறுக்காது. அதில் ஒளிந்திருக்கும் ஆணிதான் தொந்தரவு. காந்தம் வைத்துத் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே இழைப்புக்குப் போனது.

சட்டக் கட்டிலின் நீளம் 180 செ.மீ. மேலே நெடுக்காகப் பத்துச் சட்டங்கள், ஒவ்வொன்றும் 45 மி.மீ. அகலம், 22 மி.மீ. கனம், இடையில் 25 மி.மீ. இடைவெளி. மெத்தை கிடையாது. இதைப் பார்த்த தாத்தா பாட்டிகள் குழந்தைக்கு வலிக்காதா என்று கேட்கிறார்கள். பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டிலின் வேலை. மல்லாந்து கிடக்கும் குழந்தை சட்டத்தைப் பற்றி உடலைத் திருப்பிக் குப்புறப் படுக்கிறது, பற்றியபடியே ஓரத்துக்கு நகர்ந்து காலை இறக்குகிறது. மெத்தையில் பிடிமானம் இல்லை. அங்கே அம்மாதான் தூக்க வேண்டியிருக்கும். இடைவெளி குறைந்தால் விரல் நுழைந்து மாட்டும், கூடினால் குதிகால் இறங்கும். 25 மி.மீ. இருந்தால் நான்கு விரலும் சுற்றிவந்து கட்டைவிரல் மேலே பூட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்தே வைத்திருக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பூட்டு பெரிய காரியம். சட்டத்தின் விளிம்பு முழுவதும் 5 மி.மீ. உருட்டப்பட்டிருக்கிறது. நடுவில் தொய்யாமல் அடியில் மூன்று குறுக்குச் சட்டங்கள் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் இதே கட்டில்தான் மேசை.

கட்டிலின் உயரம் மூன்று வகை: 30, 38, 46 செ.மீ. குழந்தையின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை உள்ள அளவுதான் அதற்கான இருக்கை உயரம். அளவெடுக்கும்போது ஷூவும் ஸ்பிளிண்டும் (காலைத் தாங்கும் பட்டை) காலில் இருக்க வேண்டும். அவை மட்டுமே இரண்டு செ.மீ. வரை கூட்டிவிடும். உயரம் அதிகமானால் பாதம் தொங்கும், தொங்கிய கால் விறைக்கும், விறைப்பு முதுகுக்கு ஏறிக் குழந்தை பின்னால் சாயும். உயரம் குறைந்தால் இடுப்பு பின்னுக்குச் சரிந்து முதுகு கூன் போடும், கை தூக்க முடியாது. குழந்தை ஒத்துழைக்கவில்லை என்று நாம் நினைக்கும் பல நேரங்களில் தவறு நாற்காலியில்தான் இருக்கிறது. கால்பலகைகள் அதற்காகத்தான்: 5 செ.மீ. பத்து, 10 செ.மீ. பத்து.

ஏணி நாற்காலியின் முதுகு ஏணிபோலக் குறுக்குக் கழிகளால் ஆனது. கழி 25 மி.மீ. உருண்டை. கழிக்கும் கழிக்கும் இடையே வெற்றிடம் 8 செ.மீ.; ஒன்பது தாண்டினால் சிறு குழந்தையின் தலை உள்ளே போய்ச் சிக்கக்கூடும். தரையில் அமர்ந்த குழந்தை கீழ்க் கழியைப் பிடித்து, அடுத்த கழி, அதற்கடுத்தது என்று கைமாற்றி ஏறி நிற்கிறது. நின்றபின் அதே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறது. நாற்காலி சாயாமலும் இருக்க வேண்டும், நகரவும் வேண்டும் என்பதால் கால்களை இணைத்து அடியில் சறுக்குக் கட்டைகள் கொடுத்தோம். அவை முன்னும் பின்னும் 10 செ.மீ. நீண்டிருக்கும். கட்டையின் அடியில் கெட்டி ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) ஒட்டியுள்ளது. ரப்பர் புஷ் போட்டால் தரையைக் கவ்வி, தள்ளும்போது நாற்காலி கவிழும். யாரும் அன்பினால் புஷ் வாங்கி மாட்டிவிட வேண்டாம். எடை குறைந்த நாற்காலி ஓடினால் அடிப்பலகையில் 2 கிலோ மணல்பை வையுங்கள்.

கழிகள் அனைத்தும் துளையிட்டுச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கியவை. ஆணி எங்கும் இல்லை. கால் இணைப்புகளில் மட்டும் தலை புதைந்த போல்ட் உண்டு. மழைக்காலத்தில் மரம் உப்பும், பங்குனியில் சுருங்கும். ஐப்பசியிலும் பங்குனியிலும் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்க வேண்டும். கிரீச்சென்ற சத்தம் கேட்டால் அந்த நாற்காலியை உடனே ஒதுக்கி வையுங்கள்.

வார்னிஷ் போடவில்லை. பளபளப்பு வியர்வைக் கையில் வழுக்கும். எச்சில் ஒழுகும் குழந்தைகள் கழியைக் கடிக்கவும் செய்வார்கள். சீக்கிரம் உலர வைக்கும் இரசாயனம் கலக்காத பச்சை ஆளி விதை எண்ணெய் மூன்று கை பூசி, ஒவ்வொரு பூச்சையும் நன்றாகக் காயவிட்டோம். ஆண்டுக்கு ஒரு கை போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

கழிப்பறையில் கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே குழந்தை கதவோரம் விழுந்தாலும் திறக்கலாம். கதவின் திறப்பு 90 செ.மீ. சிறு கழிப்பு நாற்காலிக்கு முன்னால் ஓர் ஏணி நாற்காலி நிற்கும். குழந்தை அதைப் பிடித்து, பாதம் தரையில் பதிய உட்காரும். பிடிமானம் இல்லாமல் பயந்து விறைக்கும் குழந்தைக்கு மலம் கழிவது கடினம். இந்த அறைக்குப் பதினைந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். அவசரத்துக்குத் தூக்கி உட்கார வைப்பது அந்த நாளின் முக்கியமான பாடத்தையே பறிப்பதாகும்.

கூடத்தில் கேட்கும் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டோ முறையில் குழந்தை செய்யப்போவதைத் தானே சொல்லி, ஐந்து வரை எண்ணியபடி செய்யும். “நான் கழியைப் பிடிக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.” அசைவைத் தொடங்கி முடிக்க இந்தக் குழந்தைகளுக்கு நேரம் தேவை, எண்ணிக்கை அந்த நேரத்தைக் கொடுக்கிறது. பேச வராத குழந்தை உதடு அசைத்தாலும் போதும். பெரியவர்கள் முந்திக்கொண்டு வேகமாக எண்ணி முடித்துவிட்டு, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. குறிப்பாக, பிறந்தபோது கடுமையான மஞ்சள் காமாலையால் மூளை பாதித்து, கை கால் தானாக நெளியும் குழந்தைகளுக்கு அவசரப்படுத்தினால் நெளிவு கூடும்.

வலிப்பு வரும் குழந்தைகளைக் கட்டிலில் தனியே விட வேண்டாம். தானாக நடக்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும் ஆபத்து உண்டு, வலி தெரியாமலேயே. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இடுப்பு எக்ஸ்ரே எடுப்பதை எந்தப் பயிற்சியும் ஈடு செய்யாது.

கணக்கு: உறுப்பினர் நன்கொடையும் சங்க வைப்பும் சேர்த்து வரவு ரூ.6,10,000. செலவில் தரை 1,38,000, சாய்தளம் 92,000, கழிப்பறை 1,16,000, மரச்சாமான்கள் 1,74,000, கைப்பிடிக் கம்பியும் நிழலும் 38,000, மின்வேலையும் விசிறிகளும் 21,000. மொத்தம் ரூ.5,79,000. மீதி ரூ.31,000 பராமரிப்புக் கணக்கில் இருக்கிறது. எண்ணெய், ஃபெல்ட், போல்ட் தவிர வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது என்று குழு தீர்மானித்துள்ளது. பில்கள் அலுவலகக் கோப்பில் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தச்சு வேலை செய்த ஆசாரி ஒவ்வொரு அளவையும் குழந்தையை உட்கார வைத்துப் பார்த்த பிறகே அறுத்தார். கொத்தனாரும் தரையை மட்டம் பார்த்து மட்டம் பார்த்துச் செய்தார். இருவருக்கும் அவர்களுடன் உழைத்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

குழந்தைகள் வளர்வதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவு மறுபடி எடுக்கப்படும். ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் எந்த உயரத்துக்கு உரியது என்று எண் எழுதியிருக்கிறது, குழந்தையின் அட்டையிலும் அதே எண் இருக்கும். அடுத்த அளவெடுப்பு பங்குனி முதல் சனிக்கிழமை. அன்று குழந்தை வழக்கமாகப் போடும் ஷூவையும் ஸ்பிளிண்டையும் மறக்காமல் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு