மீதிச் செய்தி

நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் பத்து நாளும் அது மேசை மேலேயே கிடந்தது, போகும்போதும் வரும்போதும் நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்த கேள்வி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. "நீ பத்திரிகையில் குப்பை கொட்டியவன்தானே, சொல், உங்கள் ஆட்களுக்கு ஏன் கெட்டது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது?"

பதிலுக்கு முன்னால் ஒரு சின்னப் பழிவாங்கல். உன் கடிதத்தை அளந்து பார்த்தேன். மொத்தம் நான்கு பக்கம். மகளுக்கு வேலை கிடைத்தது ஒன்றரை வரி. முழங்கால் வலி ஒரு பக்கம். மாடிவீட்டுக்காரர் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு வெளியூர் போய், உன் வீட்டுக் கூரை ஊறிச் சொட்டியது ஒன்றேகால் பக்கம், அதிலும் பூட்டை உடைக்க ஆள் தேடி நீ அலைந்த காட்சியை அப்படி ரசித்து எழுதியிருக்கிறாய். மீதியெல்லாம் செய்திச் சேனல்களுக்கு வசவு. நீ ஒரு பத்திரிகை நடத்தினால் முதல் பக்கத்தில் எது வரும், எது உள்ளே ஒரு மூலையில் நாலு வரியாக வரும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

கோபித்துக்கொள்ளாதே. உன் மேல் தப்பில்லை. உன் மகள் மூன்று வருடமாக ராத்திரி கண்விழித்துப் படித்தாள், தோற்றாள், மறுபடி எழுதினாள். அதில் எந்த நாளைப் பிடித்து நீ எழுதுவாய்? கூரை சொட்டியதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு ஆள் இருக்கிறார், சத்தம் இருக்கிறது. கதை சொல்ல அதுதான் தோது.

நான் இரவு டெஸ்க்கில் இருந்த அந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டது இதை மட்டும்தான் என்று நினைக்கிறேன். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள், உள்ளே யாரோ உட்கார்ந்து "இன்றைக்கு ஜனங்களை எதைச் சொல்லிப் பயமுறுத்தலாம்" என்று திட்டம் போடுவதாக நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆட்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலான இரவுகளில் கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நேற்றைக்கு இல்லாத எது இன்றைக்கு இருக்கிறது? பக்கம் மூடும் நேரத்துக்குள் பதில் வந்தாக வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் நடந்து முடிகிற விஷயங்கள் என்னென்ன என்று நீயே யோசித்துப் பார். விபத்து, தீ, கைது, கொலை, நிலநடுக்கம். நல்லது எதுவும் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

இதை எனக்கு முன்னாலேயே இரண்டு நார்வேக்காரர்கள் எழுதிவைத்துவிட்டார்கள், யோஹான் கால்டுங், மாரி ரூகே என்று, 1965-இல். வெளிநாட்டுச் செய்தி எப்படித் தேர்வாகிறது என்பதைப் பற்றிய கட்டுரை அது. ஒரு ஆளை வளர்த்து ஆளாக்க எவ்வளவு காலம் ஆகிறது, ஒரு விபத்தில் அவன் சாக எவ்வளவு நேரம் ஆகிறது. வீடு கட்ட எவ்வளவு, அது எரிந்துபோக எவ்வளவு, இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் டீ குடித்துக்கொண்டே புலம்பியதைத்தான் அவர்கள் அடிக்குறிப்போடு எழுதியிருந்தார்கள்.

ஆனால் இங்கேதான் நீ ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். செய்திக்காரர்களுக்குக் கெட்டதுதான் பிடிக்கும் என்றால், மெதுவாக நடக்கிற கெட்டதும் வரவேண்டும் இல்லையா? வருவதில்லையே. 2022-இல் உலகம் முழுக்க ஐந்து வயது நிரம்பாத 49 லட்சம் குழந்தைகள் இறந்துபோனார்கள். நாளைக்கு 13,000-க்கு மேல். ஒரு விமானம் விழுந்தால் ஒரு வாரம் திரை முழுக்க அதுதான். இது எத்தனை விமானம் என்று கணக்குப் போட்டுப் பார், போட்டால் சாப்பாடு இறங்காது. ஆனாலும் அது தலைப்புச் செய்தி ஆகாது, ஏனென்றால் நேற்றும் அவ்வளவு பேர்தான், நாளைக்கும் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். இதே கணக்கு 1990-இல் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் இருந்தது. பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், படித்த தாய்மார்கள், இப்படி ஆயிரம் சின்ன விஷயங்கள் சேர்ந்து முப்பது வருடத்தில் செய்த வேலை. அதுவும் எந்த நாளிலும் தலைப்புச் செய்தி ஆகவில்லை. மெதுவாக நடந்தால் துக்கத்துக்கும் இடமில்லை, சந்தோஷத்துக்கும் இடமில்லை. திடீரென்று நடப்பதற்குத்தான் இடம். திடீரென்று நடப்பதில் பெரும்பாலானவை கெட்டவை என்பதால் நமக்கு அது வேறு மாதிரி தெரிகிறது.

சரி, பழியை முழுக்கக் கடிகாரத்தின் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நீ சொல்வாய். இல்லை, உன் விரலுக்கும் என் விரலுக்கும் பங்கு இருக்கிறது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள், 2014-இல் வெளிவந்தது. கண் அசைவைப் பதிவு செய்கிறோம், சும்மா உங்களுக்குப் பிடித்த செய்தியாகப் பார்த்துப் படியுங்கள் என்று ஆட்களை உட்காரவைத்திருக்கிறார்கள். பிறகு கேட்டால், ஊடகங்களில் கெட்ட செய்தி ரொம்ப அதிகம், எங்களுக்கு நல்ல செய்திதான் வேண்டும் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எடுத்துப் படித்ததென்னவோ ஊழல், தோல்வி, சறுக்கல் பற்றிய செய்திகளைத்தான். நீ சொல்வாயே, "எனக்கு இந்த அக்கப்போர் எல்லாம் பிடிக்காது, ஆனா என்னதான் நடந்துச்சு?" என்று, அதே கதை.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. அப்வர்த்தி என்று ஒரு இணையதளம், மனதுக்கு இதமான விஷயங்களைப் பரப்ப வேண்டும் என்றே தொடங்கியது. ஒரே செய்திக்குப் பல தலைப்புகள் வைத்து எதை அதிகம் பேர் சொடுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தலைப்புகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து 2023-இல் ஒரு கட்டுரை வந்தது. சாதாரண நீளமுள்ள ஒரு தலைப்பில் எதிர்மறையான சொல் ஒன்று கூடினால், சொடுக்குகிற விகிதம் 2.3 சதவீதம் கூடுகிறது. நல்ல சொல் கூடினால் குறைகிறது. நல்லதைத் தேடி வந்த கூட்டத்திடமே இந்த லட்சணம் என்றால் மற்ற இடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2.3 என்பது சின்ன எண்தான். ஆனால் தலைப்பு வைக்கிறவன் தினமும் அந்த எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், எங்கள் காலத்தில் அது கிடையாது. யார் எதைப் படித்தார்கள் என்று தெரியாமலேயே வேலை பார்த்தோம், அந்த அறியாமையில் ஒரு சுகம் இருந்தது.

இருபத்து நான்கு மணி நேரச் சேனல்களைப் பற்றி உன்னோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஒரே காட்சியை நூறு முறை ஓட்டுகிறார்கள். 1930-ஆம் வருடம் ஒரு புனித வெள்ளியன்று பி.பி.சி. வானொலி அறிவிப்பாளர் "இன்று செய்தி எதுவும் இல்லை" என்று சொன்னாராம், மிச்ச நேரத்துக்குப் பியானோ வாசித்தார்களாம். இன்றைக்கு எந்தச் சேனலாவது அப்படிச் சொல்லுமா? சொன்னால், ஏன் சொன்னார்கள் என்று மற்ற சேனல்கள் விவாதம் நடத்தும்.

அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்புக்கு ஆகாது என்பது உண்மைதான். 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு ஒரு ஆய்வு செய்தார்கள். அடுத்த வாரம் முழுக்கத் தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, அந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் இருந்திருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இப்போது பேயை நாமே கையில் எடுத்துக்கொண்டு படுக்கப் போகிறோம். நீ டிவியை அணைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நீ மட்டும் இல்லை. செய்தித்துறையை ஆராய்கிற ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட் வருடா வருடம் பல நாடுகளில் கேட்கிறது; செய்தியை அவ்வப்போதோ அடிக்கடியோ வேண்டுமென்றே தவிர்க்கிறேன் என்று சொன்னவர்கள் 2017-இல் 29 சதவீதம், 2024-இல் 39 சதவீதம். கடைக்காரனே பயப்பட வேண்டிய கணக்கு இது.

ஆனால், "நல்ல செய்தி மட்டும் போடுகிற பத்திரிகை ஒன்று வந்தால் முதல் சந்தா என்னுடையது" என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கும் அந்தப் பத்திரிகை ரொம்பப் பிடிக்கும். 1943-இல் வங்காளத்தில் ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது அதை மூடி மறைக்கத்தான் பார்த்தார்கள். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை ஆகஸ்டில் படங்களைப் போட்ட பிறகுதான் வெளியுலகம் பேச ஆரம்பித்தது. பத்திரிகைச் சுதந்திரம் உள்ள ஜனநாயக நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் திரும்பத் திரும்பச் சொன்னது சும்மா இல்லை. கெட்ட செய்தி வெளியே வருகிற இடத்தில்தான் யாராவது ஓடிவந்து எதையாவது செய்கிறார்கள்.

எனக்கு இருக்கிற குறை வேறு. ஓசோன் ஞாபகம் இருக்கிறதா? நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வானத்தில் ஓட்டை என்று சொல்லி எவ்வளவு பயமுறுத்தினார்கள். 1985-இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே அதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டே வருடத்தில், 1987-இல், மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு, ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த, ஓசோனை அரிக்கிற வாயுக்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள், கடைசியில் உலகத்தின் எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டன. 2023 ஜனவரியில் ஐ.நா. அறிக்கை வந்தது: உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில் ஓசோன் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும், அண்டார்க்டிகாவுக்கு மேலே 2066 வரை ஆகும். உனக்குத் தெரியுமா இது? போன மாதம் நான்கு பேரிடம் கேட்டேன். ஓட்டை என்ன ஆனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் "அது இன்னும் பெருசாயிருக்கும்" என்றார், அதுவும் ஏதோ திருப்தியோடு.

கதையின் முதல் பாதியை உலகம் முழுக்கத் தண்டோரா போட்டுச் சொன்னோம், இரண்டாம் பாதி ஒரு நாள் எங்கோ ஒரு மூலையில் வந்துவிட்டுப் போய்விட்டது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆபீசில் ஃபாலோ-அப் என்று ஒரு நோட்டு வைத்திருந்தோம். விபத்தில் அடிபட்டவர் பிழைத்தாரா, கைதானவர் விடுதலை ஆனாரா, இடிந்த பாலத்தைக் கட்டினார்களா என்று எழுதிவைத்துப் பிறகு விசாரிக்க வேண்டும். நோட்டில் முதல் பத்துப் பக்கம் எழுதியிருந்தது, அதற்குப் பின்னால் வெறும் வெள்ளைத் தாள். ஆள் பற்றாக்குறை, நேரமில்லை, இன்றைக்கு வேறு ஒன்று எரிகிறது. நானும்தான் அதை நிரப்பவில்லை. கைது என்று பெரிய எழுத்தில் நானே தலைப்பு வைத்த ஒரு ஆள் பிறகு நிரபராதி என்று வெளியே வந்தார். அதற்கு நான் கொடுத்தது, ஏழாம் பக்கத்தில் மூன்று வரி. இப்போதும் சில ராத்திரி அது ஞாபகத்துக்கு வரும்.

அதனால் இப்போது நான் செய்வது ஒன்றுதான். காலையில் ஒரு முறை படிப்பேன், ராத்திரியில் தொடுவதில்லை. மாதத்தில் ஒரு நாள், மூன்று மாதத்துக்கு முன்னால் ஊரே பேசிய எதையாவது எடுத்து, அப்புறம் என்ன ஆனது என்று தேடுவேன். பாதிக்குப் பாதி எதுவுமே கிடைக்காது. கிடைப்பதில் சிலது முன்னைவிட மோசமாகப் போயிருக்கும், சிலது யாருக்கும் தெரியாமல் சரியாகியிருக்கும்.

உன் மகளைப் பற்றி விவரமாக எழுது. என்ன வேலை, எந்த ஊர், தேர்வுக்கு எப்படிப் படித்தாள், முடிவு தெரிந்ததும் முதலில் யாரிடம் சொன்னாள், எல்லாம். ஒன்றரை வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

அப்புறம், இதற்கு முந்தைய கடிதத்தில் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன், தேதி குறித்தாயிற்று, பயமாக இருக்கிறது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய். எனக்கும் அந்த வாரம் முழுக்க அதே நினைப்பாக இருந்தது. இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும், இல்லையென்றால் முதல் வரியிலேயே எழுதியிருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் எழுது.

உன் பழைய அறைத்தோழன்